ஆறாவது மாவுக்கட்டுக்கு யார் அழைத்துப் போவது?

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் ஒரு மருத்துவக் குழு வண்டியில் வருகிறது. பிள்ளைகளின் எடை, உயரம் பார்க்கிறார்கள். கண், காது, பல், இதயம் பார்க்கிறார்கள். வயதுக்கு ஏற்ற பேச்சும் நடையும் வந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். குறை ஏதாவது தென்பட்டால், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள்.

2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் திட்டம் இது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை எல்லோருக்கும் உரியது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதம் என நான்கு தலைப்புகளில் 30 வகைப் பாதிப்புகளைக் கண்டறிவது இதன் வேலை. மேல்சிகிச்சைக்கு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் என்ற ஏற்பாடும் உண்டு. குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நல்ல திட்டம்தான். ஏழைப் பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்க ஒரு டாக்டர் ஊருக்கே வருவது சின்ன விஷயம் இல்லை. நம் கேள்வி அந்தச் சீட்டு எழுதப்பட்ட மறுநாளைப் பற்றியது. சீட்டை வாங்கிய தாய் விவசாயக் கூலி. அவர் குடியிருப்பது ஊருக்கு வெளியே உள்ள நம் தெரு. மாவட்டத் தலைநகருக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு முறை போய்விடுவார். இரண்டாம் முறையும் கடன் வாங்கியாவது போவார். அதற்குப் பிறகு?

ஒரு கால், ஆறு வாரம்

வளைபாதத்தை எடுத்துக்கொள்வோம். பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். இதைப் பெரிய அறுவை சிகிச்சை இல்லாமலே சரிசெய்யலாம். பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரத்துக்கு ஒரு முறை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார்கள். பொதுவாக ஐந்து முதல் ஏழு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்னக் கீறலும் தேவைப்படும். அதன்பின் இரண்டு காலணிகளையும் ஒரு கம்பியில் இணைத்த கருவியை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுக்கவும், பிறகு நான்கு வயது வரை தூங்கும் நேரத்திலும் அணிய வேண்டும். அவ்வளவுதான், பிள்ளை ஓடி விளையாடும்.

ஆனால் நான்காம் கட்டோடு நிறுத்திவிட்டால் பாதம் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும். இடையில் நிறுத்திய தாயைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்லிவிடுவது எளிது. அவருடைய கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. ஆறு கட்டு என்றால் ஆறு நாள் கூலி போகும். பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போக முடியாததால் கூட ஒருவர் வேண்டும். அவருக்கும் கூலி போகும். பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைக்குச் சோறு ஆக்க ஆள் எல்லாம் பார்க்க வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே வேலையே இல்லாத மாதங்களுக்குச் சேர்த்துவைக்க வேண்டிய காசு அது. சிகிச்சை இலவசம், சிகிச்சைக்குப் போவது இலவசம் இல்லை.

காது கேளாமையும் அப்படித்தான். பிறந்த ஒரு மாதத்துக்குள் காதைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை கிடைக்கிறது. பல லட்சம் ரூபாய் ஆகக்கூடிய சிகிச்சை, கட்டணம் இல்லாமல் நடக்கிறது. ஆனால் கருவி பொருத்தியதும் பிள்ளை பேசிவிடாது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்தப் பயிற்சி நின்றுபோனால் காதில் இருக்கும் கருவியால் பெரிய பயன் இல்லை.

பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைக்கு, பிறந்த சில வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்காமல் காப்பாற்றலாம். பிந்தினால் இழந்ததை மீட்க முடியாது. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும் விஷயம் இது.

இவை எல்லாவற்றிலும் இரண்டு பொதுவான அம்சங்கள் உண்டு. காலம் தவறக் கூடாது, திரும்பத் திரும்பப் போக வேண்டும். நம் சேவைகளோ பெரும்பாலும் ஒருமுறை வந்து பார்த்துப் போவதற்கே அமைக்கப்பட்டிருக்கின்றன. முகாம் நடந்தது, இத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர், இத்தனை பேர் பரிந்துரைக்கப்பட்டனர் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. பரிந்துரைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், அவர்களில் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கை நம் ஊர்ப் பலகையில் யாரும் எழுதிவைப்பதில்லை.

சான்றிதழுக்கு முன், சான்றிதழுக்குப் பின்

பயணச் சலுகை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன் செல்பவரும் 2021 முதல் கட்டணமின்றிப் போகலாம். வெளியூர்ப் பேருந்துகளில் கட்டணச் சலுகை உண்டு. சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் போய்வர இலவசப் பயண அட்டை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் கிடைக்கிறது. கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய் போன்றவற்றுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 1,500 ரூபாயாக இருந்த தொகை 2023 ஜனவரியில் உயர்த்தப்பட்டது.

ஆனால் இந்தச் சலுகைகளுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் வேண்டும். அங்கேதான் முடிச்சு விழுகிறது. சான்றிதழ் கிடைப்பது குறைபாடு நிலைத்துவிட்ட பிறகு. சிகிச்சை தொடங்க வேண்டியது குறைபாடு நிலைப்பதற்கு முன்பு. மாவுக்கட்டுப் போடும் இரண்டு மாதக் குழந்தைக்கும், இன்னும் கழுத்து நிற்காத ஆறு மாதக் குழந்தைக்கும் கையில் அட்டை இருக்காது. உதவி மிகவும் தேவைப்படும் நாளில் உதவி கிடைக்காது. கால் வளைந்தே நின்றுவிட்ட பிறகு சலுகை வரும்.

சான்றிதழ் வாங்குவதிலும் அலைச்சல் உண்டு. சிறு பிள்ளைகளுக்குத் தரப்படும் சான்றிதழ் பல நேரம் தற்காலிகமானது. சில ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் நாளைத் தவறவிட்டால் உதவித்தொகை தடைபடலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் மீண்டும் இ-சேவை மையம், மீண்டும் ஒரு நாள் கூலி.

தெரு தள்ளி இருப்பதால்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரிடையே இது 2.45 சதவீதம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாத மற்றவர்களிடையே 2.18 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். பட்டியல் சாதியினர் 20 கோடிக்கு மேல் என்பதை நினைவில் வைத்தால், அந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் பல லட்சம் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் ரத்தத்தில் இல்லை, முன்வினையிலும் இல்லை. கர்ப்பிணி தாய் சத்தில்லாமல் நிறைமாதம் வரை வயலில் குனிந்து வேலை செய்வது, எடை குறைந்த குழந்தை, குறைமாதப் பிரசவம், பிரசவத்தின்போது மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட மஞ்சள் காமாலை என்று பாதை போகிறது. பிள்ளைக்கு மூளை முடக்குவாதம் வந்தால் தாயின் பாவம் என்று சொல்பவர்கள் இந்தப் பாதையைப் பார்ப்பதில்லை. கர்ப்பிணிக்கு நல்ல சோறும் ஓய்வும் தராத கூலி முறையில்தான் பாவம் இருக்கிறது.

பாகுபாட்டுக்கும் ஆய்வுச் சான்று உண்டு. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006-இல் வெளிவந்த தீண்டாமை பற்றிய ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுப்பது பதிவாகியிருக்கிறது. பிள்ளையைத் தொடாமல் பார்ப்பது, மருந்தைக் கையில் தராமல் வைத்துவிட்டுப் போவது போன்ற நடத்தைகள் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் நடத்திய ஆய்விலும் வெளிப்பட்டன. கை கால்களைப் பிடித்து நீவிச் செய்ய வேண்டியது இயன்முறை சிகிச்சை. தொடத் தயங்கும் கையால் அந்தச் சிகிச்சையைத் தர முடியாது.

தமிழ்நாட்டில் நிலைமை பல இடங்களில் மேம்பட்டிருக்கிறது. எந்த வெயிலிலும் நம் தெருவுக்குள் வந்து, பிள்ளையை மடியில் போட்டுத் தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியர்களை நாம் அறிவோம். சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அத்தனை பேரின் பிரசவமும் தடுப்பூசியும் பதிவேடும் ஒரே செவிலியர் தலையில் விழுகின்றன. ஆகவே தனி ஆட்களைத் திட்டுவது நம் நோக்கம் இல்லை. தெரு தள்ளி இருந்தால் சேவையும் தள்ளிப்போகும்படி அமைந்துவிட்ட ஏற்பாட்டைத்தான் கேட்கிறோம்.

'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். அந்தச் சொல்லோடு சேர்த்து அந்தத் தூரமும் நீங்க வேண்டும். பட்டியல் சாதியினர் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் விரைவில் அங்கன்வாடி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொன்னது. ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்று 2006-இல் உத்தரவிட்டது. மருத்துவக் குழு வருவது அங்கன்வாடிக்குத்தான். அங்கன்வாடி ஊர்த்தெருவில் மட்டும் இருந்து, நடக்க முடியாத பிள்ளையை அங்கே தூக்கிப்போக ஆள் இல்லாவிட்டால், அந்தப் பிள்ளை முதல் பரிசோதனையிலேயே விடுபட்டுப்போகும்.

வெளியே தெரியாத நோய்கள்

ஊனம் கண்ணுக்குத் தெரியும். சில நோய்கள் வெளியே தெரியாமல் பிள்ளையை ஆண்டுக்கணக்கில் தின்னும். ருமாட்டிக் இதய நோய் அதில் ஒன்று. தொண்டைப் புண்ணில் தொடங்கும். பிறகு மூட்டு வீங்கி வலிக்கும். கடைசியில் இதய வால்வைக் கெடுக்கும். ஒரே அறையில் ஆறேழு பேர் நெருக்கிப் படுக்கும் வீடுகளில் இந்தக் கிருமி எளிதில் பரவும். அரசு தரும் வீட்டுமனையின் அளவும் இதய வால்வும் சம்பந்தப்பட்டவை என்று சொன்னால் வியப்பாக இருக்கும், ஆனால் உண்மை. தடுக்கும் வழி எளிது: மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகள். இங்கேயும் அதே சிக்கல்தான். ஊசி விலை மலிவு, விடாமல் போடுவதுதான் கடினம்.

குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் தினமும் பல முறை போட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈர மண்பானையில் வைத்துப் பாதுகாக்கலாம் என்று தாய்க்குச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். வலிப்பு நோய்க்கு மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. திடீரென நிறுத்தினால் ஆபத்து. ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய்க்கான ஊசி மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அடிபட்ட உடனே போட்டால்தான் மூட்டு காப்பாற்றப்படும்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது முக்கியமான கேள்வி. வலிப்பு மாத்திரையை இரவில் நினைவுபடுத்துவது யார்? இன்சுலின் எங்கே வைக்கப்படும்? சர்க்கரை குறைந்து பிள்ளை மயங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று விடுதிக் காப்பாளருக்கும் சமையலருக்கும் யார் சொல்லித்தந்தார்கள்? அரை நாள் பயிற்சி போதும் இதற்கு. அது இல்லாததால், நோயை மறைத்துக்கொண்டு விடுதியில் சேர்வதா, படிப்பை விடுவதா என்று தவிக்கும் நிலை ஒரு பிள்ளைக்கும் வரக் கூடாது.

சட்டம் நம் பக்கம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பற்றி நம் தெருவில் ஒவ்வொரு படித்த பிள்ளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் இதில் 21 ஆயின. ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் நோய் மூன்றும் சேர்க்கப்பட்டன. இதன் 25-ஆவது பிரிவு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, அதிலும் கிராமப்புறங்களில், இருக்கும் இடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவம் வேண்டும். மருத்துவமனையின் எல்லாப் பகுதிக்கும் தடையின்றிப் போக வழி வேண்டும். வரிசையில் முன்னுரிமை வேண்டும். பாதிப்பு வரக்கூடிய குழந்தைகளைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

'அருகிலேயே' என்பதுதான் நம் சொல். இரண்டு பஸ் மாறிப் போகும் இடம் அருகில் இல்லை. பட்டியல் சாதி என்பதால் மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைவதைத் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தின்படி குற்றம் என்பதையும் நினைவில் வைப்போம்.

வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தருவது நடக்காத காரியமா? இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் வீட்டுக்கே போகிறார்கள். முடியும் என்று அரசே காட்டிவிட்டது. கை கால் வளர்ச்சி பின்தங்கிய குழந்தைக்கும் அதே ஒழுங்கோடு, வாரம் தவறாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சிகிச்சை நாள் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

பணம் இல்லை என்ற பதிலும் செல்லாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்ட நிதியை ஒதுக்குவதற்கும் செலவிடுவதற்கும் தமிழ்நாடு 2024-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியிலிருந்து, சான்றிதழ் வருவதற்கு முன்பே சிகிச்சைக்குப் போய்வரும் தாய்க்குப் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலிக்கு ஈடான தொகையும் தரலாம். ஒரு பிள்ளையின் ஆறு மாவுக்கட்டுக்கு ஆகும் பயணச் செலவு, அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போவதால் குடும்பத்துக்கும் அரசுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

நாம் செய்யக்கூடியது

மருத்துவக் குழு வரும் தேதியை அங்கன்வாடிப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்போம். அன்று வீட்டில் படுத்திருக்கும் பிள்ளையையும் தூக்கிப்போவோம். ஊனமுள்ள பிள்ளையை விருந்தாளிகளுக்குக் காட்டாமல் உள்ளறையில் வைக்கும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அதை விட்டாக வேண்டும். குழு எழுதித்தரும் சீட்டை கைப்பேசியில் படம் எடுத்து வைப்போம். எந்த மையம், எந்தக் கிழமை, எத்தனை முறை வர வேண்டும் என்று அங்கேயே கேட்போம். சந்தேகம் இருந்தால் 104 எண்ணில் கேட்கலாம்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ரோடு, குடிநீர், விளக்கு என்று தீர்மானம் போடுகிறோம். அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் சேர்ப்போம்: நம் ஊராட்சியில் பரிந்துரைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைப் பிள்ளைகளின் பெயரை வெளியிடாமல் படிக்க வேண்டும், அங்கன்வாடிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் சாய்தளம் வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் இயன்முறை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். நடக்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் தீர்மான நகலோடு மனு கொடுப்போம்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க உங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்தத் தாய்க்கு அது இரண்டு நாள் அலைச்சல். தெருவுக்கு இரண்டு பேர் இந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய சான்றிதழ் எப்போது காலாவதியாகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகிய படிப்புகளையும் யோசியுங்கள். நம் தெருப் பிள்ளையைத் தயங்காமல் தொட்டுத் தூக்கும் கைகள் நம் தெருவிலிருந்தும் வர வேண்டும்.

அடுத்த முறை மருத்துவக் குழு வரும்போது அவர்களுக்கு வணக்கம் சொல்லி, ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "போன தடவை சீட்டு எழுதிக் கொடுத்த பிள்ளைங்க இப்ப எப்படி இருக்காங்க, டாக்டர்?" பதில் தெரியவில்லை என்றால், அதைத் தெரிந்துகொள்ளும் வேலையை அன்றே அவர்களோடு சேர்ந்து தொடங்குவோம்.